மார்ச்சில் திறக்கும் கேட்

ரோலண்ட் இறந்த காலையில் டோஸ்டரில் இரண்டு துண்டு ரொட்டி இருந்தது. ஆம்புலன்ஸ் வந்து, ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்து, க்ளெண்டா டாக்சியில் வீடு திரும்பியபோது அந்த ரொட்டி இன்னும் தலையை நீட்டிக்கொண்டு நின்றது. கோட்டைக் கழற்றாமலே எடுத்து வெண்ணெய் தடவித் தின்றாள். செருப்புத் தோல் மாதிரி இருந்தது. இரண்டையும் தின்று முடித்த பிறகுதான் அது தனக்காகப் போட்டதல்ல என்று தோன்றியது. தோன்றியதே தவிர, அதனால் அவளுக்குள் ஒன்றும் ஆகவில்லை.

அதற்குப் பிறகு எல்லாமே அப்படித்தான் இருந்தது. தோன்றும், ஒன்றும் ஆகாது. சவ அடக்கத்தில் பாதிரியார் ரோலண்டைப் பற்றிப் பேசியபோது, அவர் பேசுவது ரேடியோவில் வரும் பக்கத்து ஊர் வானிலை மாதிரி இருந்தது. வந்தவர்களுக்குப் பன்றி இறைச்சி சாண்ட்விச் பரிமாறினாள். மிச்சத்தை டப்பாவில் போட்டு மூடினாள். "உனக்கு இன்னும் உறைக்கல கண்ணு" என்று ஆளுக்கு ஆள் அவள் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். உறைக்க வேண்டிய இடம் எங்கே இருக்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை.

மார்ச் பாதியில் நாத்தனார் டோரீன் அவளை இழுத்துக்கொண்டு சேமிப்புச் சங்கத்துக்குப் போனாள். ரோலண்டுக்கு ஆறு வயது மூத்தவள் டோரீன். பேருந்திலும் சரி, தேவாலயத்திலும் சரி, ஒரே சத்தத்தில் பேசுகிறவள்.

"ஏப்ரல் அஞ்சுக்குள்ள எல்லாத்தையும் முடிச்சிரணும். அவன் இருந்தா இந்நேரம் உன்னைக் கூட்டிட்டுப் போயிருப்பான்."

அது உண்மைதான். நாட்டில் பாதிப்பேர் வரி ஆண்டு முடியும் அந்தத் தேதியை மறந்துபோவார்கள். ரோலண்டுக்கு அது கிறிஸ்துமஸ் மாதிரி. தண்ணீர் வாரியத்தில் வேலை பார்த்தவன் அவன். நீளக் கம்பை நடைபாதையில் ஊன்றி அதன் நுனியில் காதை வைத்து, மண்ணுக்கு அடியில் குழாய் எங்கே கசிகிறது என்று கேட்பதுதான் அவன் உத்தியோகம். சொட்டுகூட வீணாகக் கூடாது என்பது அவனுக்கு வேலையிலிருந்து ஒட்டிக்கொண்ட குணம். வரி இல்லாத சேமிப்புக் கணக்கில் ஒரு ஆள் வருஷத்துக்கு இருபதாயிரம் பவுண்டு வரைக்கும் போடலாம். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஒரே கணக்காக வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் ஒருவர் பணத்தை இன்னொருவருக்குக் கொடுத்து, அவர் பேரில் போடலாம். "நமக்கு ரெண்டு வாளி இருக்கு, க்ளெண்டா" என்பான் ரோலண்ட். "என் வாளி நிறைஞ்சதும் உன் வாளி. மழை உன் பக்கம் பெஞ்சா என்ன, என் பக்கம் பெஞ்சா என்ன."

அவனுடைய அப்பா விட்டுப்போன வீட்டை விற்ற பணமும், ஓய்வின்போது மொத்தமாக வந்த பணமும் அப்படித்தான் வருஷாவருஷம் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு வாளிக்கும் போயின. ஒவ்வொரு வருஷமும் கையெழுத்துப் போட்டதும் எதிர்த்த கடையில் திராட்சை பன்னை வாட்டச் சொல்லி ஆளுக்கொன்று சாப்பிடுவார்கள். அந்த ஒரு நாள் மட்டும் அவன் தாராளமாக வெண்ணெய் கேட்பான்.

சங்கத்தில் கவுண்டருக்குப் பின்னால் இருந்த பெண் நஸீமா. முப்பது வயது இருக்கும். இவர்கள் இருவரும் சேர்ந்து வருவதை வருஷாவருஷம் பார்த்தவள். அவர்களை உள்ளே ஒரு சின்ன அறைக்கு அழைத்துப்போய், மேசையில் இருந்த டிஷ்யூ பெட்டியை க்ளெண்டா பக்கமாக நகர்த்தி வைத்தாள். க்ளெண்டா மரியாதைக்காக ஒன்றை எடுத்து கையில் வைத்துக்கொண்டாள்.

"அவரோட கணக்குல எண்பத்து நாலாயிரம் இருக்கு மிஸஸ் ஹிண்டில். உயில்படி அது எப்படியும் உங்களுக்குத்தான். நான் சொல்ல வர்றது வேற. கணவர் போனாலும் மனைவிக்கு ஒரு சலுகை உண்டு. அவர் கணக்குல எவ்வளவு இருந்துதோ அந்த அளவுக்கு உங்களுக்கு ஒரு கூடுதல் வரம்பு கிடைக்கும். உங்க இருபதாயிரத்துக்கு மேல. ஒரே ஒரு தடவை."

"அவன் வாளியையே இவகிட்டக் குடுக்கிற மாதிரி" என்றாள் டோரீன்.

நஸீமா சிரித்தாள். "அவரும் அப்படித்தான் சொல்வார். ஆமா, அப்படியே வெச்சுக்கலாம்."

"அது வேண்டாம்னா?" என்று கேட்டாள் க்ளெண்டா.

"யாரு வேண்டாம்னா?" என்றாள் டோரீன்.

"சும்மா கேக்குறேன்."

"பணம் எங்கயும் போகாது" என்றாள் நஸீமா. "ஆனா கூரைக்கு வெளிய நிக்கும். வருஷத்துக்கு இருபதாயிரம், இருபதாயிரமா உங்க கணக்குக்குள்ள கொண்டுவரணும். அதுவரைக்கும் வெளிய இருக்குறதோட வட்டிக்கு வரி வரும். அவ்வளவுதான். இதுல ஒரு கையெழுத்துப் போட்டா அந்தத் தொல்லை இல்ல."

தாளைத் திருப்பி வைத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைப் பேனாவால் காட்டினாள். அதற்கு மேலே இருந்ததை க்ளெண்டா படித்தாள். என் கணவர் இறந்த நாளில் நானும் அவரும் சேர்ந்து வாழ்ந்து வந்தோம். நீதிமன்ற உத்தரவாலோ, ஒப்பந்தத்தாலோ, நிரந்தரமாகிவிடக்கூடிய வேறு எந்தச் சூழ்நிலையாலோ நாங்கள் பிரிந்திருக்கவில்லை.

இன்னொரு முறை படித்தாள்.

"இது எல்லாருக்கும் போடுற வாசகம்தான்" என்றாள் நஸீமா. "அவர் உங்க வீட்டுலதானே..."

"எங்க வீட்டு சமையலறையிலதான்."

"அப்புறம் என்ன?" என்றாள் டோரீன். "பேனாவைப் பிடி."

க்ளெண்டா பேனாவைப் பிடித்தாள். அதன் முனையில் சங்கிலி கோத்திருந்தது. சங்கிலி எவ்வளவு தூரம் வரும் என்று இழுத்துப் பார்த்தாள். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்க் கொண்டு வர்றேனே" என்றாள்.

எதிர்த்த கடையில் டோரீன் தன் பன்னில் பாதியைத் தின்னும்வரை பொறுத்திருந்தாள். அவளுக்கு அது பெரிய விஷயம்.

"என்ன, அந்த கேரவன் விஷயமா?"

க்ளெண்டா தேநீரைக் கலக்கினாள்.

"கேரவன்ல போய் இருக்குறதெல்லாம் பிரிவுன்னா, இந்த ஊர்ல ஒரு ஜோடி மிஞ்சாது. என் புருஷன் சாகுற வரைக்கும் கொட்டகையிலதான் இருந்தார். புறா வளர்க்குறேன்னு. சாப்பாட்டுக்கு மட்டும் வருவார். நான் கையெழுத்துப் போடலையா?"

"கொட்டகை தோட்டத்துலதானே டோரீன். இவன் நாப்பது மைல் தள்ளி இருந்தான்."

"மீன் பிடிக்கப் போனான்."

"அவனுக்கு மீன் பிடிக்கத் தெரியாது."

"கத்துக்கப் போனான்." டோரீன் வெண்ணெய்க் கத்தியை நீட்டினாள். "உன்னை விட்டுட்டுப் போறேன்னு அவன் சொன்னானா?"

"இல்ல."

"நீ போன்னு சொன்னியா?"

"இல்ல."

"சண்டை?"

"எங்களுக்குச் சண்டையே வராதே. உனக்குத் தெரியும்."

"அப்போ யாரும் யாரையும் ஒண்ணும் சொல்லல. அதுக்கு இவ்வளவு யோசனை. கையெழுத்தைப் போட்டுத் தொலை, உனக்கும் நல்லது, அந்தப் பிள்ளைக்கும் வேலை முடியும்."

சொல்லவில்லை என்பது சரிதான். போன வருஷம் மார்ச் முதல் தேதி, கடற்கரையில் கேரவன் நிறுத்துமிடத்தின் கேட் திறந்த அன்று, ரோலண்ட் காரில் பெட்டியை ஏற்றினான். அவர்களுடைய கேரவன் ஒரு சின்ன வண்டி வீடு. சக்கரம் உண்டு, ஆனால் நகராது. இருபது வருஷமாக அதே மேட்டில், சேற்றுக் கடலைப் பார்த்து நிற்கிறது. கோடையில் இரண்டு வாரம் இருவரும் போய் இருந்துவிட்டு வருவார்கள். "கொஞ்ச நாள் அங்க இருந்து பாக்குறேன்" என்றான். "வீட்டுல என்னமோ இரைச்சல் கேட்டுக்கிட்டே இருக்கு. ஃப்ரிட்ஜா, கொதிகலனான்னு தெரியல." அவள் காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. "சரி" என்றாள். கொஞ்ச நாள் ஏப்ரலாகி, மே ஆகி, இலை உதிர்ந்தது. அக்கம்பக்கத்தில் கேட்டால், "அவர் கேரவன்ல இருக்கார்" என்பாள். "குடுத்து வெச்சவர்" என்பார்கள். அந்தப் பக்கத்தில் அதைவிடச் சாதாரணமான பதில் கிடையாது. ஒருவரும் அதற்கு மேல் கேட்கவில்லை, அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

நடுவில் அந்த ஏப்ரலில், அவன் போய் ஒரு மாதம் ஆகியிருந்த நிலையில், வாசலில் கார் சத்தம் கேட்டது. ரோலண்ட் டை கட்டி நின்றான். "கிளம்பு, நாள் முடியப்போகுது" என்றான். போனார்கள். வழக்கம்போல அவளுடைய வாளியில் இருபதாயிரம் போட்டான். அப்படிப் போட்ட பிறகு சட்டப்படி அது அவளுடைய பணம், திருப்பிக் கேட்க முடியாது. பன் சாப்பிட்டார்கள். அவளை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, எஞ்சினை அணைக்காமலே, "குளிர்காலத்துக்குக் கொதிகலனை ஆள் விட்டுப் பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனான். விட்டுப்போகிற மனிதன் இருபதாயிரம் கொடுப்பானா? விட்டுப்போகாத மனிதன் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு நிற்பானா? அன்றைக்கு அவள் இதை யோசிக்கவில்லை. இப்போது கையில் தாளோடு யோசித்தாள்.

ஜனவரியும் பிப்ரவரியும் கேரவன்காரர்கள் அங்கே இருக்கக் கூடாது. நகராட்சி விதி. யாரும் அதையே நிரந்தர வீடாக்கிக்கொள்ளக் கூடாது என்று தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி கேட்டைப் பூட்டிவிடுவார்கள். அதனால் புது வருஷம் பிறந்ததும் ரோலண்ட் வீடு திரும்பினான். பின்பக்கத்துச் சின்ன அறையில் படுத்தான். படிக்கட்டு விளக்கைச் சரி செய்தான். மாலையில் டிவியில் கேள்வி பதில் நிகழ்ச்சி வந்தால் இருவரும் சோபாவின் இரண்டு முனையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். ஆறுகளைப் பற்றிய கேள்விகளுக்கு அவன் பதில் சொல்வான், அரசர்களைப் பற்றியவற்றுக்கு அவள். இரைச்சலைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் இறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, கேட் திறக்கிற நாள் பற்றிப் பேச்சு வந்தபோது, "என்ன அவசரம்" என்றான்.

அதுதான் அவள் கையில் இருந்த ஒரே சாட்சி. என்ன அவசரம். இரண்டே சொல். அதை எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் அவன் இங்கேயே இருக்க நினைத்தான் என்றுதானே அர்த்தம்? அப்படியானால் அது பிரிவு இல்லை, நீண்ட கோடை. அவள் கையெழுத்துப் போடலாம். போட்டுவிட்டால், நாற்பத்தொரு வருஷமும் கடைசி வரைக்கும் அவள் ஒருவனின் மனைவியாக இருந்தாள் என்று ஆகிவிடும். அந்தத் தாளில் வரியைவிட அவளுக்கு வேண்டியிருந்தது அதுதான். அது பொய்யாக இருந்தால், இந்த உணர்ச்சியின்மைக்குக்கூடத் தனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை.

டோரீன் அவளை வீட்டில் கொண்டுவந்து விட்டாள். உள்ளே வரும்போது படிக்கட்டின் அடியில் கிடந்த பெரிய கட்டம்போட்ட பையில் கால் தட்டியது.

"என்னது இது, கழுத்தை ஒடிச்சுக்கவா வெச்சிருக்க?"

"துவைச்ச துணி."

"தர்மக் கடைக்குத் தானமாக் குடுக்கவா?"

"பாக்கலாம்."

ஒரு மாதமாக அந்தப் பை அங்கேயேதான் இருந்தது. க்ளெண்டா தினமும் அதைச் சுற்றிக்கொண்டுதான் மாடிக்குப் போனாள்.

மறுநாள் கேரவன் இடத்திலிருந்து டெஸ்மண்ட் போன் செய்தார். அவர்தான் அங்கே காவலும் மேலாளரும் குழாய்க்காரரும். "மன்னிச்சுக்கணும்மா. இந்த நேரத்துல கேக்குறேன். கேட் திறந்து ரெண்டு வாரம் ஆச்சு. உங்களோடது மட்டும்தான் இன்னும் மூடிக் கிடக்கு. வெச்சுக்கப் போறீங்களா, குடுக்கப் போறீங்களா? ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா போதும்."

"நேர்ல வர்றேன்" என்றாள். எதற்கு என்று தெரியாமலே அந்தக் கட்டம்போட்ட பையையும் ரோலண்டின் காரில் பின்சீட்டில் வைத்துக்கொண்டாள்.

கடல் அன்று கண்ணுக்கே தெரியவில்லை. எங்கோ தூரத்துக்குப் போய்விட்டிருந்தது. சேறு மட்டும் ஈரத் தகரம் போல மினுங்கிக்கொண்டு வானத்தோடு ஒட்டிக் கிடந்தது. டெஸ்மண்ட் தொப்பியைக் கழற்றி, திரும்பப் போட்டார். சாவியை வாங்கிக்கொண்டு, கேரவனைத் திறக்கவும் தண்ணீர்க் குழாயைத் திருப்பவும் அவளோடு நடந்தார்.

"நல்ல மனுஷன். சத்தமே இருக்காது. ராத்திரி பூரா இருந்தாலும் இருக்காரான்னே தெரியாது."

"ஆமா" என்றாள் க்ளெண்டா.

"எனக்குத்தான் மனசு கேக்கல. டிசம்பர்ல வந்து கேட்டார், மூடுற ரெண்டு மாசமும் இங்கயே இருந்துக்கட்டுமான்னு. விளக்குப் போட மாட்டேன், தண்ணிய வெளிய இருந்து கொண்டுவந்துக்குவேன், யாருக்கும் தெரியாதுன்னார். முடியாதுன்னேன். ஒரு வாரம் கழிச்சு திரும்ப வந்து கேட்டார். எனக்கு வேலை போயிடும் ரோலண்ட்னு சொன்னேன். கோவிச்சுக்கல. விட்டிருந்தா ஒருவேளை..." அவர் நிறுத்தினார். "இல்ல, இங்க தனியா இருந்தா இன்னும் மோசமா போயிருக்கும். வீட்டுல, உங்க பக்கத்துல போனாரே. அது ஒரு ஆறுதல்தானே."

"ரெண்டு தடவை கேட்டாரா?"

"ரெண்டு தடவை."

"சரி" என்றாள். ரோலண்டிடம் போன மார்ச்சில் சொன்ன அதே சரி.

டெஸ்மண்ட் போனபின் உள்ளே ஏறினாள். மெத்தைகள் எல்லாம் சுவரில் படாமல் நிமிர்த்தி நிறுத்தப்பட்டிருந்தன. அலமாரிக் கதவுகள் காற்றுப்போக அகலத் திறந்திருந்தன. ஒவ்வொரு அறையிலும் தரையில் ஒரு கிண்ணம். குளிர்காலத்து ஈரத்தை இழுக்க எல்லாரும் கேரவனில் உப்பு வைத்துவிட்டுப் போவார்கள். சமையல் மூலையில் ஒன்று, படுக்கை அறையில் ஒன்று, கழிவறையில்கூட ஒன்று. திரும்பி வருகிறவன்தான் உப்பு வைப்பான். உப்பு ஈரத்தைக் குடித்துக் குடித்துக் கல்லாகி, மேலே கலங்கல் தண்ணீராக நின்றது.

ஆக, கேட் பூட்டினதால்தான் வந்தான். கேட் திறந்தால் போயிருப்பான். இதைத் தெரிந்துகொண்டதும் ஏதாவது ஆகும் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். ஆகவில்லை. ஒரு மெத்தையைக் கீழே இறக்கி அதில் உட்கார்ந்தாள். வேறு வேலை இல்லாததால் பையைத் திறந்தாள்.

மேலே இரண்டு விரிப்புகள். இஸ்திரி போட்டு, மூலைக்கு மூலை சேர்த்து மடித்தவை. தலையணை உறை. அவனுடைய பைஜாமா இரண்டு செட், பொத்தான் தைத்துச் சரி செய்தது. கம்பளிக் காலுறை. சவர பிளேடு புது பாக்கெட். ஆரஞ்சு ஜாம் ஒரு சீசா, உடையாமல் இருக்கத் துண்டில் சுற்றியது. சின்ன டப்பாவில் தேயிலை. பிப்ரவரி முதல் வாரத்திலேயே அவள் கட்டி வைத்துவிட்டாள். கேட் திறக்க இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் இருந்தது. நாள்காட்டியில் அந்தத் தேதியை அவள்தான் பென்சிலால் வட்டமிட்டிருந்தாள். அவன் அல்ல.

அந்த ஞாயிற்றுக்கிழமை இப்போது ஆரம்பத்திலிருந்து முழுசாக நினைவுக்கு வந்தது. இதுவரை கடைசி இரண்டு சொல்லை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள். கேள்வி பதில் நிகழ்ச்சி முடிந்து, டிவியை அணைத்துவிட்டு, ரோலண்ட் மாடிக்குப் போக எழுந்தான். படிக்கட்டின் அடியில் பை இருந்தது. குனிந்து பார்த்தான்.

"இது என்ன?"

"உன் சாமான். எல்லாம் ரெடியா இருக்கு. ஒண்ணாம் தேதி காலையிலயே கிளம்பிடலாம், டிராஃபிக் இருக்காது."

அவன் பையின் காதைத் தொட்டுப் பார்த்தான். ஜாம் சீசா இருக்கிற இடம் விரலில் தட்டுப்பட்டிருக்க வேண்டும். "ஜாமெல்லாம் வெச்சிருக்க" என்றான்.

"போன தடவை கடையில வாங்கினேன்னு சொன்னியே, அது இனிப்பு அதிகம்னு."

"என்ன அவசரம்" என்றான் ரோலண்ட். சிரிக்கவில்லை, கோபமும் இல்லை. குழாயில் கசிவு இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் கம்பிலிருந்து காதை எடுப்பானே, அப்படி நிமிர்ந்தான். பையைச் சுற்றிக்கொண்டு மாடிக்குப் போனான்.

அவள் கீழே நின்று, பின்னறைக் கதவு மூடும் சத்தத்தைக் கேட்டு, விளக்கை அணைத்தாள். அந்த ஏழு வாரமும் அவளுக்கு அவன் மேல் ஒரு வெறுப்பும் இருந்ததில்லை. அவன் இருமுவதும் தண்ணீர் திறப்பதும் கேட்டது. பத்து மாதம் தனியாக இருந்து பழகிய வீட்டில், சோபாவின் நடுவில் உட்கார்ந்து பழகியவளுக்கு, ஒரு முனைக்கு நகர வேண்டியிருந்தது. அவ்வளவுதான். மார்ச் வந்தால் நடுவுக்குப் போகலாம் என்றிருந்தாள்.

அவன் என்ன நினைத்தான் என்று இத்தனை நாள் தோண்டிக்கொண்டிருந்தாள். டிசம்பரில் ஒன்று நினைத்திருப்பான், பிப்ரவரியில் வேறொன்று நினைத்திருப்பான். அதைக் கேட்க இனி ஆள் இல்லை. ஆனால் அந்தத் தாள் அவனை மட்டும் கேட்கவில்லையே. நாங்கள் என்றுதான் இருந்தது. நாங்களில் மிச்சம் இருப்பவள் அவள். அவளுடைய பதில் இஸ்திரி போட்டு மடித்துப் பையில் இருந்தது.

உப்புக் கிண்ணங்களை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுபோய்க் கொட்டினாள். அடியில் ஒட்டியிருந்ததைக் கரண்டியால் சுரண்டினாள். கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்தாள். ஜாமைத் திறந்து, டெஸ்மண்டிடம் ரொட்டி இருக்கிறதா என்று கேட்கப் போய், அவரிடம் கேரவனைக் கொடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டு, ரொட்டி கேட்க மறந்து திரும்பினாள்.

டோரீனுக்குப் போன் செய்து, கையெழுத்துப் போடப் போவதில்லை என்று சொன்னாள்.

"நீ என்ன பைத்தியமா? பைக்குள்ள ஜாம் வெச்சதுக்கு வரி கட்டப் போறியா?"

"ஆமா."

"ஒருத்தனுக்கு ஜாம் கட்டிக் குடுக்குறது பிரிவா? என் புருஷனுக்கு நான் ஒரு நாள்கூட ஜாம் கட்டினதில்ல."

"அவனை அனுப்புறதுக்குக் கட்டினேன் டோரீன்."

டோரீன் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. சவ அடக்கத்தில்கூட அவள் அழுது க்ளெண்டா பார்க்கவில்லை. "அவன் எங்கிட்ட ஒண்ணும் சொல்லல" என்றாள் கடைசியில், குரலே இல்லாமல். "உங்க ரெண்டு பேருக்கும் வாயில என்னதான் இருந்துச்சோ. சரி, ஞாயித்துக்கிழமை வா. கறியும் உருளைக்கிழங்கும் போட்டு ஹாட்பாட் பண்றேன். அந்த ஜாமையும் எடுத்துட்டு வா, வீணாப் போகும்."

ஏப்ரல் தொடங்கியதும் க்ளெண்டா தனியாகச் சங்கத்துக்குப் போனாள். நஸீமா அதே சின்ன அறைக்கு அழைத்துப்போனாள். டிஷ்யூ பெட்டி அதே இடத்தில் இருந்தது. க்ளெண்டா தாளை மேசையில் வைத்தாள். கையெழுத்து இடம் காலியாக இருந்தது.

"ஏதாவது சந்தேகமா மிஸஸ் ஹிண்டில்? நான் வேணா மேலிடத்துல கேட்டுச் சொல்றேன். ஒரே வீட்டுல இருந்தீங்க, அவங்க சரின்னுகூடச் சொல்லலாம்."

"சொல்லலாம். ஆனா எனக்குச் சந்தேகம் இல்ல. அவர் கேட் திறக்குறதுக்காகக் காத்திருந்தார். நானும் அதுக்குத்தான் காத்திருந்தேன்."

நஸீமா அவளைப் பார்த்தாள். தாளை மடித்துப் பக்கத்தில் வைத்தாள்.

"அப்போ அவரோட வரம்பு வேண்டாம்."

"வேண்டாம். என்னோடது மட்டும். இந்த வருஷத்தோட இருபதாயிரம். அதை நிரப்பிடுங்க."

"அவர் எப்பவும் வட்டி மாறாத திட்டத்துலதான் போடுவார். அதுலயே போட்டுடட்டுமா?"

இத்தனை வருஷத்தில் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி அது. ரோலண்ட் சொல்வான், அவள் கையெழுத்துப் போடுவாள். "வேற என்ன இருக்கு?" என்று கேட்டாள். நஸீமா நாற்காலியை அருகில் இழுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். பாதி புரியவில்லை. புரியாததை க்ளெண்டா திரும்பக் கேட்டாள். கடைசியில் ஒன்றைச் சொன்னாள், ரோலண்ட் தேர்ந்தெடுத்திருக்க மாட்டான் என்று தெரிந்தே.

"அடுத்த வருஷமும் இதே நேரத்துக்கு வாங்க" என்றாள் நஸீமா எழுந்தபடி.

"வருவேன்."

வெளியே வடக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது. எதிர்த்த கடைக்குள் போகலாமா என்று ஒரு கணம் நின்றாள். கண்ணாடி வழியாக யாரோ பன்னை வெட்டுவது தெரிந்தது. போகவில்லை. பேருந்து நிறுத்தம் வரை நடந்தாள்.

அங்கே நின்றபோது விரல்கள் வலித்தன. பார்த்தாள். கையுறை இல்லை, சங்கத்து மேசையிலேயே விட்டுவந்திருந்தாள். விரல் நுனிகள் சிவந்து, குளிரில் எரிந்தன. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அவளுக்கு இப்படி ஒன்று வலித்ததில்லை. இரண்டு கையையும் கக்கத்தில் திணித்துக்கொண்டு, வந்து நின்ற பேருந்தை விட்டுவிட்டு, கையுறையை எடுக்கத் திரும்பி நடந்தாள்.